லிட்டருக்கு மூன்று

சின்னவள் பழி மறக்காதவள். அதை அவள் ஒளித்ததும் இல்லை. "விட்டுத்தள்ளு, மறந்துடு" என்று யாராவது புத்தி சொல்ல வந்தால், மறந்துபோக எனக்கு என்ன வயசாகிவிட்டதா என்று திருப்பிக் கேட்பாள். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. அக்கா புருஷன் எந்த இடத்தில், எந்தக் கூட்டத்துக்கு நடுவில் தன்னைத் தலைகுனிய வைத்தாரோ, அதே இடத்தில், அதே கூட்டத்துக்கு நடுவில் அவர் தலை குனிய வேண்டும். அதை ஒரு தரம் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், பிறகு அவரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடக்கூடத் தயார் என்று அக்காவிடமே சொல்லியிருக்கிறாள். அக்கா அதைக் கேட்டுவிட்டு வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

கதை ஒன்றும் பெரிசில்லை. மாமாவுக்கு வேகக் கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறை. சின்னவள் அங்கே பெட்ரோல் கணக்குப் பார்ப்பவள். எஞ்சின் எந்த வேகத்தில் சுற்றும்போது எவ்வளவு பெட்ரோல் உள்ளே போக வேண்டும் என்பதை லேப்டாப்பில் கட்டம் கட்டமாக நிரப்பி, வண்டியின் மூளைக்குள் ஏற்றுவது அவள் வேலை. கொஞ்சம் கூடினால் வண்டி கரியைக் கக்கும். கொஞ்சம் குறைந்தால் எஞ்சின் செத்துப்போகும். மாமாவுக்கு அப்போது அவளைப் பற்றிப் பெருமை தாங்காது. வருகிறவர்களிடம் எல்லாம், எங்க வீட்டுச் சின்னவ கை வெச்சா வண்டி பறக்கும் என்று அளப்பார்.

மாமாவும் லேசுப்பட்டவர் இல்லை. சுத்தமான கை. ஒரு ஒயரைக் கட்டினால்கூட, கட்டின பிளாஸ்டிக் டையின் வாலை ஒட்ட நறுக்கி, விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு, பூஸ்ட் மீட்டர். டர்போ எஞ்சினுக்குள் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறது என்று காட்டுகிற மீட்டர் அது. வாடிக்கையாளர் கேட்டாலும் கேட்காவிட்டாலும், டேஷ்போர்டில் ஒன்றைப் பதித்துக் கொடுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

அந்தப் பட்டறைக்கு ஒரு பல் டாக்டர் தன் ரோட்டரி எஞ்சின் வண்டியைக் கொண்டுவந்தார். மற்ற எஞ்சின்களில் மேலும் கீழும் குதிக்கிற பிஸ்டன் இதில் கிடையாது. முக்கோணமாக ஓர் இரும்பு, கூட்டுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் ஒரு மெல்லிய சீல். அந்தச் சீல்தான் அதன் உயிர். சின்ன எஞ்சின், பேய் வேகம், பெருந்தீனி. நல்ல நிலையில் இருக்கிற வண்டியே லிட்டருக்கு ஏழெட்டு கிலோமீட்டரைத் தாண்டாது. டாக்டர் அந்த வண்டியை வீட்டில் இருக்கிறவர்களைவிட நன்றாகக் கவனித்துக்கொண்டார். சின்னவள் கணக்குப் போட்டு, ஓட்டிப் பார்த்து, சாவியை மாமாவிடம் கொடுத்தாள். அதற்கப்புறம் மாமா வழக்கம்போல ஒரு பூஸ்ட் மீட்டரைப் பொருத்தினார். ரேஸ் டிராக்கில் ஓட்டும்போது, நீண்ட நேர் ரோட்டில், டாக்டர் காலை முழுக்க அழுத்திய இடத்தில் எஞ்சின் போய்விட்டது.

பிரித்துப் பார்த்தபோது சீல்கள் மூலை உடைந்து கிடந்தன. பெட்ரோல் குறைந்து சூடேறிச் செத்த எஞ்சின் அப்படித்தான் இருக்கும். டிராக்கின் ஓரத்துக் கொட்டகையில், வேகக் கார் கிளப் ஆட்கள் அத்தனை பேரும் நிற்க, மாமா உடைந்த சீலைக் கையில் பிடித்துக்கொண்டு பேசினார். பெட்ரோலைக் குறைத்து எஞ்சினைப் பட்டினி போட்டுக் கொன்றுவிட்டாள், சின்னப்பெண்ணை நம்பினது என் தப்பு என்றார். வண்டியைத் தன்னிடம் ஒரு நாள் விடும்படி சின்னவள் கெஞ்சினாள். என் கணக்கில் தப்பு இல்லை, வேறு எங்கோ இருக்கிறது, தேடிப் பார்க்கிறேன் என்றாள். தேடி இனி என்னத்தைக் கிழிக்கப் போகிறாய் என்று மாமா அவள் லேப்டாப்பை மூடினார். அந்த 'டப்' சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது. டாக்டர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். வண்டியைப் பிரித்து உதிரியாக விற்றுவிட்டார்கள். தேடிப் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, அது இதுதான்.

அன்றிலிருந்து கிளப்பில் அவளுக்குப் பெயர் பட்டினி. பட்டினி வந்தாளா, பட்டினிகிட்ட குடுத்துடாதே என்று சிரிப்பார்கள். வேகக் கார் ஒன்றுகூட அவள் பக்கம் திரும்பவில்லை. சலவைக் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் ஒற்றை ஷட்டர் கடை எடுத்து, குடும்பக் கார்களுக்கு பிரேக் மாற்றிக்கொண்டும் ஏசிக்கு வாயு நிரப்பிக்கொண்டும் மூன்று வருஷம் ஓட்டினாள். வேலை நடந்தது. மனசு மட்டும் ஆறவில்லை.

அந்தக் கடைக்குத்தான் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அக்கா வந்து நின்றாள். வந்தது அவள் வழக்கமாக ஓட்டும் வண்டியில் இல்லை. தாழ்வான, வெள்ளை நிற ரோட்டரி. சின்னவள் ஷட்டருக்குள் இருந்தபோதே சத்தம் தெரிந்தது. வண்டி நிற்பதற்கு முன்னால் பெட்ரோல் நாற்றம் உள்ளே வந்தது.

மாமா தனக்கென்று ஆசையாக வாங்கின வண்டி அது என்று சின்னவள் கேள்விப்பட்டிருந்தாள். அக்கா இறங்கி, நெற்றியைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். வண்டி லிட்டருக்கு மூன்றுதான் ஓடுகிறதாம். மாமா பிளக் மாற்றிவிட்டார், இக்னிஷன் காயில் மாற்றிவிட்டார், சைலன்சரில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிட்டார், தெர்மோஸ்டாட்டையும் விட்டுவைக்கவில்லை. மூன்று மூன்றாகவே இருக்கிறது. மாமாவின் சட்டை, தலையணை, சோபா எல்லாம் பெட்ரோல் வாடை. அக்காவுக்குத் தலைவலி தீர்ந்தபாடில்லை. இப்போது மாமா கிளப்புக்குத் தலைவர் வேறு. ஞாயிற்றுக்கிழமை டிராக்கில் இந்த வண்டியை எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டப் போகிறார்.

"அவர் வெளியூர் போயிருக்கார், சாயங்காலம்தான் வருவார்," என்றாள் அக்கா. "என்னன்னு பாரு. நான் கொண்டுவந்தேன்னு மட்டும் சொல்லிடாத."

சின்னவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. எங்கெங்கோ முட்டிவிட்டு, கடைசியில் பட்டினியிடம் வந்திருக்கிறார்கள். எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அக்காவின் தலைவலிக்காக என்று சொன்னால் அது பொய். ரோட்டரி சத்தம் கேட்டு எத்தனை காலமாயிற்று. பசித்தவன் முன்னால் தட்டை வைத்துவிட்டு, அது எதிரி வீட்டுத் தட்டு என்றால் கை நிற்குமா?

பானட்டைத் திறந்தாள். மாமாவின் வண்டி என்பது திறந்ததுமே தெரிந்தது. ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இல்லை, ஒரு ஒயர் தொங்கவில்லை. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. பெட்ரோல் அளவுக்கு மீறி உள்ளே போகிறது, அதில் சந்தேகம் இல்லை. ஏன் போகிறது என்பதுதான் கேள்வி. எஞ்சின் குளிர்ந்திருக்கிறது என்று வண்டியின் மூளை தப்பாக நினைத்துக்கொண்டால் பெட்ரோலைக் கூட்டும். லேப்டாப்பை மாட்டிப் பார்த்தாள், மூளைக்குச் சூடு சரியாகத்தான் தெரிந்தது. பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர்கள் ஒழுகுகின்றனவா என்று பார்த்தாள். காய்ந்துதான் இருந்தன. பெட்ரோல் கணக்கைப் பார்த்தாள். யாரோ விவரம் தெரிந்த ஆள் போட்டது, குறை சொல்ல ஒன்றும் இல்லை. அக்கா நடுவில் இரண்டு தரம், கிடைச்சுதா என்று கேட்டாள். கிடைத்தால் சொல்ல மாட்டேனா என்றாள் சின்னவள்.

கடைசியில் பெட்ரோல் குழாயில் அழுத்தம் பார்க்கிற கடிகாரத்தை மாட்டினாள். எஞ்சினைக் கிளப்பாமல் பம்பை மட்டும் ஓடவிட்டுப் பார்த்தாள். பிறகு எஞ்சினைக் கிளப்பினாள். முள் இறங்க வேண்டும். இறங்கவில்லை. வைத்த இடத்தில் நின்றது.

அங்கேதான் அவள் கை நின்றது. கட்டைவிரல் அளவில் ஒரு சின்ன டப்பா, அந்த அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பது அதுதான். ரெகுலேட்டர் என்பார்கள். அதற்குக் கண் கிடையாது. ஒரு மெல்லிய ரப்பர் ஹோஸ்தான் எல்லாம். அந்த ஹோஸ் வழியாகத்தான் எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது என்று அது தெரிந்துகொள்ளும். வண்டி நின்றபடி எஞ்சின் சும்மா ஓடினால் உறிஞ்சும், ரெகுலேட்டர் பெட்ரோலைக் குறைக்கும். டர்போ காற்றைத் தள்ளினால் அழுத்தும், ரெகுலேட்டர் பெட்ரோலைக் கூட்டும். சின்னவள் ஹோஸை ரெகுலேட்டரிலிருந்து பிடுங்கி, அதன் வாயில் விரலை வைத்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, விரலை உறிஞ்ச வேண்டும். ஒன்றும் இல்லை. ஹோஸில் ஓட்டை உண்டா என்று தடவினாள். புது ஹோஸ், ஒரு கீறல் கிடையாது. அது போகிற வழியே விரலைக் கொண்டுபோனாள். எஞ்சினில் முட்ட வேண்டிய ஹோஸ், டர்போவுக்கு முன்னால் இருக்கிற காற்றுக் குழாயின் மூக்கில் போய் உட்கார்ந்திருந்தது. அங்கே எப்போதும் வெறும் வெளிக்காற்றுதான். அது உட்கார வேண்டிய எஞ்சின் மூக்கில் வேறொரு ஹோஸ் இருந்தது. அது நேராக டேஷ்போர்டுக்கு, பூஸ்ட் மீட்டருக்குப் போனது.

இரண்டு ஹோஸிலும் டை. டையின் வால் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தது.

சின்னவள் எஞ்சினை அணைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். மீட்டருக்கு நல்ல மூக்கு வேண்டும் என்று மாமா அதைப் பிடுங்கிக்கொண்டு, ரெகுலேட்டரின் ஹோஸைப் பக்கத்தில் கண்ணுக்கு லட்சணமாக எது கிடைத்ததோ அதில் செருகியிருக்கிறார். பார்க்கிறவனுக்கு எதுவும் தொங்காது, எதுவும் ஒழுகாது. மீட்டர் முள் அழகாக ஆடும். ரெகுலேட்டர் மட்டும் குருடாகிவிடும். குருடானால் எப்போதும் ஒரே அளவு. தெருவில் மெதுவாகப் போகும்போது தேவைக்கு மேல் ஊற்றும், லிட்டருக்கு மூன்று. டிராக்கில் டர்போ முழுசாகத் தள்ளும்போது அதே அளவு போதாது. குடிகார வண்டி என்று நினைத்துக்கொண்டே மிதித்தால், எஞ்சின் அந்த இடத்தில் பட்டினி கிடந்து சாகும்.

டாக்டரின் வண்டியிலும் மீட்டரைப் பொருத்தினது இந்தக் கைதான். சாவியை அவள் கொடுத்த பிறகு.

மாமாவுக்குத் தெரிந்தே நடந்ததா? இல்லை. தெரிந்திருந்தால் சொந்த வண்டியில் அதையே செய்திருக்க மாட்டார். தெரியாமல்தான் செய்திருக்கிறார், இன்றைக்கும் தெரியாது. தன் கை தப்பு செய்யும் என்ற நினைப்பே அந்த மனுஷனுக்குக் கிடையாது. அதனால்தான் ஊரில் இருக்கிற சாமானை எல்லாம் மாற்றியும் இந்த ஹோஸை மட்டும் தொடவில்லை. சின்னவளுக்கு அது ஆறுதலாக இல்லை. ஆத்திரம் இன்னும் கூடியது. தெரியாமல் செய்ததை மன்னிக்கலாம். தேடவிடாமல் போட்ட பழியை எப்படி மன்னிப்பது? ஒரு நாள் கேட்டாள். ஒரே நாள். கொடுத்திருந்தால் அன்றைக்கே இதே விரலை இதே இடத்தில் வைத்திருப்பாள்.

"கிடைச்சுதா?" என்றாள் அக்கா.

ஹோஸை மாற்றிச் செருக எவ்வளவு நேரம் ஆகும்? அக்கா ஒரு வாய் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் ஆகிவிடும். மாற்றினால் என்ன நடக்கும் என்பதும் சின்னவளுக்குத் தெரியும். லிட்டருக்கு மூன்று ஏழாகும். தான் தட்டிக்கொட்டியதில் சரியாகிவிட்டது என்று மாமா கிளப்பில் ஒரு மாசம் பேசுவார். அக்காவிடம் விஷயத்தைச் சொன்னால் அதைவிட மோசம். அக்கா வயிற்றில் எதுவும் தங்காது. சாயங்காலமே புருஷன் காதுக்குப் போகும், அவர் யாருக்கும் தெரியாமல் மாற்றி, டையின் வாலை நறுக்கிவிட்டு, விசிலடித்துக்கொண்டு போவார். பட்டினி பட்டினியாகவே இருப்பாள்.

"இன்னும் பார்க்கணும்க்கா. இப்போதைக்குப் பிடிபடலை," என்றாள் சின்னவள். ஹோஸைப் பழையபடியே மாட்டி, ஒரு புது டையைப் போட்டு, வாலை ஒட்ட நறுக்கினாள். கூடப்பிறந்தவளிடம் பொய் சொன்னது உறுத்தியது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்குக் கொட்டகையில் இதே அக்கா ஓரமாக நின்று, கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாளே தவிர, ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் வேகமாக ஓட்டாதே, மெதுவாகவே போ என்று மட்டும் சொல்லி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை சின்னவள் துவைத்துத் தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு டிராக்குக்குப் போனாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்தக் கொட்டகைக்குள் கால் வைத்தாள். சிலர் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பினார்கள். ஒருவன் தன் வண்டியின் பெட்ரோல் மூடியைக் கையால் மூடி, பக்கத்தில் இருந்தவனைச் சிரிக்க வைத்தான். பல் டாக்டர் வேலி ஓரம் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இப்போது அவர் வண்டி வைத்துக்கொள்வதில்லை, பார்க்க மட்டும் வருகிறார். அக்கா அவளைக் கண்டதும் எழுந்தேவிட்டாள்.

மாமா நடுவில் நின்றார். வெள்ளை வண்டியின் பானட் திறந்திருந்தது. எஞ்சின் எவ்வளவு சுத்தம் பாருங்கள் என்று ஏழெட்டுப் பேரைச் சுற்றி நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். லிட்டருக்கு மூன்று என்பதையும் இப்போது பெருமையாக மாற்றிவிட்டார். சிங்கம் என்றால் தின்னத்தான் தின்னும் என்றார்.

சின்னவள் நேராகப் போய் எஞ்சினைக் குனிந்து பார்த்தாள். அவளைத் தடுக்கலாமா வேண்டாமா என்று மாமா யோசிப்பதற்குள் அவள் நிமிர்ந்துவிட்டாள். குரலை உயர்த்தவில்லை. வேலி வரைக்கும் கேட்டால் போதும் என்ற அளவில் பேசினாள்.

"ரெகுலேட்டர் ஹோஸை மாத்திச் சொருகியிருக்கீங்க மாமா. எஞ்சின்ல இருக்க வேண்டியது வெளிக்காத்துல இருக்கு. அதான் லிட்டருக்கு மூணு. நடக்கிறப்ப வயித்தை ரொப்புது, ஓடுறப்ப பட்டினி போடுது. இப்படியே போய் மிதிச்சீங்கன்னா எஞ்சின் போயிடும். மாத்த ஒரு நிமிஷம் ஆகும், மாத்திட்டுப் போங்க."

மாமா சிரிக்கத் தயாராக வாயைத் திறந்தார்.

"டாக்டர் வண்டியில மீட்டர் வெச்சப்பவும் இப்படித்தான் வெச்சீங்க," என்றாள் சின்னவள்.

மாமாவின் கண் ஒரு கணம் எஞ்சினுக்குள் போனது. ஹோஸ் வழியே ஓடியது, மூக்கில் நின்றது, பக்கத்து மூக்குக்குத் தாவியது. நல்ல கைக்காரர் அல்லவா, பார்த்ததும் புரிந்துவிட்டது. அந்த முகம் வெளுத்ததைச் சின்னவள் ஒரு முழ தூரத்தில் நின்று பார்த்தாள். இவ்வளவு நாள் அவருக்குத் தெரியாது. இப்போது தெரியும். இனிமேல் இவள் தப்பு என்று சொன்னால் அது தெரிந்தே சொல்கிற பொய். அவர் முன்னால் இரண்டே வழிதான் வைத்திருந்தாள். எல்லோர் முன்னாலும் பிளையரை எடுத்து ஹோஸை மாற்றினால், டாக்டரின் எஞ்சினைக் கொன்றது யார் என்று சொல்லாமலே தெரிந்துவிடும். மாற்றாமல் போனால் தன் எஞ்சினைத் தானே கொல்வார். எந்த வழியில் போனாலும் சின்னவளுக்குச் சம்மதம்.

அவர் சமாளித்துக்கொண்டார். ஆள் லேசுப்பட்டவர் இல்லை என்று முதலிலேயே சொன்னேனே.

"லிட்டருக்கு மூணு குடிக்குது இந்த வண்டி," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "இதுவா பட்டினியில சாகும்? உனக்கு அந்தப் பேரு பிடிச்சுப்போச்சு போல."

சிரிப்பு கிளம்பியது. அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டே பானட்டை ஓங்கி மூடினார். ஹெல்மெட்டை மாட்டி, வண்டியில் ஏறி, கிளப்பிக்கொண்டு போனார்.

சின்னவள் வேலிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எஞ்சின் சாகட்டும் என்று மனசார வேண்டினாள். டாக்டரின் வண்டி எந்த இடத்தில் செத்ததோ, அதே இடத்தில் சாகட்டும். புகை கக்கட்டும். கயிறு கட்டி இழுத்து வரட்டும். இதை எழுதும்போது அவளை நல்லவளாகக் காட்ட எனக்கு ஒன்றும் ஆசை இல்லை, அவளுக்கும் இருக்காது.

முதல் சுற்று வண்டியைச் சூடேற்றத்தான், எல்லோரும் மெதுவாகத்தான் போவார்கள். இரண்டாம் சுற்றில் மாமா திருப்பம் முடிந்து நேர் ரோட்டுக்கு வந்தார். ரோட்டரியின் சத்தம் குளவிக் கூட்டத்தைக் கலைத்துவிட்ட மாதிரி ஏறியது. டர்போவின் விசில் அதற்கு மேல் கிளம்பியது. கூட்டம் கழுத்தை நீட்டியது.

விசில் பாதியில் நின்றது. சத்தம் இறங்கியது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலை எடுத்திருக்கிறார்.

அடுத்த சுற்றிலும் அதே இடம், அதே விசில், அது முழுசாக ஊதுவதற்குள் கால் தூக்கப்பட்டது. அதற்கடுத்த சுற்றில் விசில் கேட்கவே இல்லை. கிளப் தலைவரின் வெள்ளை வண்டி நேர் ரோட்டில் பிள்ளைத்தாச்சியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது போலப் பதமாகப் போனது. பின்னால் வந்த வண்டிகள் ஒவ்வொன்றாகத் தாண்டின. கடைசியில், வார நாட்களில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடுகிற ஒரு குட்டிக் கார்கூட ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டியது. கூட்டத்தில் ஒருவன், என்ன, தலைவர் ஊர்வலம் போறாரா என்று கேட்டான். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சிரித்தவர்கள் எல்லோரும் இப்போது காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். மோட்டார் சத்தம் கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள். கால் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள்.

அப்போதுதான் சின்னவளுக்கு விளங்கியது. எஞ்சின் சாக வேண்டிய அவசியமே இல்லை. அவர் வாய் பொய் சொல்லிவிட்டுப் போய்விட்டது. கால் அவளை நம்பிவிட்டது. கால் நம்பினதை இத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். எஞ்சின் வெடித்திருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது.

அக்கா எப்போது பக்கத்தில் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. வியாழக்கிழமையே உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றாள் சின்னவள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீ அன்னைக்கே அவர்கிட்ட சொல்லியிருப்பே. அவர் வீட்டுலயே மாத்தியிருப்பார். உனக்கும் தலைவலி தீர்ந்திருக்கும். எனக்கு?"

அக்கா ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இனிமேல் நம்ம வீட்டுக்கு எப்படி வருவே என்று கேட்டாள். அவர் கூப்பிட்டால் வருவேன் என்றாள் சின்னவள். இதற்கெல்லாம் ஒரு விலை உண்டு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்துதான் வந்திருந்தாள்.

மாமா சுற்றுகளை முடித்துவிட்டு வந்தார். இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, டயர் இன்னும் சூடாகவில்லை, பிடிப்பு இல்லை என்று பொதுவாக எல்லோரிடமும் சொன்னார். பானட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். யாரும் திறந்துவிடாமல் பார்த்துக்கொள்வது போல இருந்தது.

பல் டாக்டர் நாற்காலியை மடக்கி வேலியில் சாய்த்துவிட்டு நடந்து வந்தார். கூட்டம் வழிவிட்டது. அவர் கோபப்படவில்லை. மாமாவின் கையைப் பார்த்தார், அந்தக் கைக்குக் கீழே இருக்கிற பானட்டைப் பார்த்தார்.

"எஞ்சின் நல்லா இருக்குன்னீங்க," என்றார். "அப்புறம் ஏன் மிதிக்கலை?"

மாமா டயர் என்று மறுபடி ஆரம்பித்து, பாதியில் விட்டார். டாக்டர் நகரவில்லை, பதிலுக்காக நின்றார். கூட்டமும் நின்றது. மாமா அக்காவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வேறு வழி இல்லாமல் சின்னவளைப் பார்த்தார். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஒரு நாள் கொடுங்கள் என்று அவள் எப்படிப் பார்த்தாளோ, அப்படிப் பார்த்தார்.

சின்னவள் கண்ணை எடுக்கவில்லை.

"டாக்டர் கேக்கிறார் இல்லையா மாமா," என்றாள். "சொல்லுங்க."